டி.வி. பெட்டி மேல் போட்ட பழி

சித்திரபுரம்,
12-3-1978

அன்புள்ள மகள் ஞானத்துக்கு, அம்மா நாச்சம்மாள் எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும், போன வாரம் கன்று போட்ட செவலைப் பசுவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தி அம்மாவும் என் பேரன் அப்புவும் சௌக்கியமாக இருக்க அவளையே வேண்டிக்கொள்கிறேன். நல்ல வார்த்தை இத்தோடு முடிந்தது, இனிமேல் வருவதெல்லாம் கோபம்தான், கையில் உள்ள வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து படி. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், உன் அப்பா வந்து, கோவத்துல எழுதாத, ஆறட்டும் என்று பேனாவைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். இன்றைக்கு ஞாயிறு ஆகிவிட்டது, பால் ஆறினது, சோறு ஆறினது, எனக்கு ஆறவில்லை. இன்லண்டு போதாது என்று பக்கத்து வீட்டு ஏசுரத்தினம் மகளிடம் கோடு போட்ட தாள் கேட்டு வாங்கி எழுதுகிறேன். என் கையெழுத்து கோணல்தான், எழுதுகிற விஷயம் நேர்.

நீ எழுதினதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், கேட்கிறபோதாவது உறைக்கிறதா பார். மாப்பிள்ளை டி.வி. வாங்கினது பெரிய தப்பாகப் போயிற்றாம், அந்தப் பெட்டியால் அப்பு கெட்டே போனானாம். அதனால் நீயும் மாப்பிள்ளையும் கலந்து பேசி, பிள்ளைக்கு உபயோகமான நிகழ்ச்சி மட்டும்தான் இனி என்று முடிவு செய்து, மற்ற நேரத்துக்குப் பெட்டியின் மரக்கதவை இழுத்துப் பூட்டி, சாவியைச் சம்பந்தி அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்களாம். கதை சொல்கிற நிகழ்ச்சி உபயோகம், பிள்ளைகள் குறள் ஒப்பிக்கிற நிகழ்ச்சி உபயோகம், கேள்வி கேட்டுப் பதில் சொல்கிறது உபயோகம். பொம்மலாட்டம், சர்க்கஸ், குஸ்தி, வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு இதெல்லாம் வேண்டாதது. இதில் அப்பு உபயோகமானது ஒன்றிலும் உட்காருவதில்லையாம், கதை ஆரம்பித்தால் எழுந்து ஓடுகிறானாம், வேண்டாததில் கண்ணை எடுக்காமல் உட்காருகிறானாம், கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். டி.வி.யைப் பார்த்துப் பார்த்துக் கையை ஆட்டி விரலை ஆட்டிக் குரங்குச் சேஷ்டை கற்றுக்கொண்டானாம். நீ உட்கார்ந்து பார்த்தால் உன் தாடையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் திருப்புகிறானாம், அவ்வளவு பிடிவாதமாம், கையைத் தட்டிவிட்டால் அழுகிறானாம். போன ஞாயிற்றுக்கிழமை கதை நடக்கும்போது எழுந்து ஓடினவனை மாப்பிள்ளை பிடித்து வந்து காதைத் திருகி உட்கார வைத்தாராம். காதைத் திருகி என்று உன் கையால் எழுதியிருக்கிறாய் ஞானம். இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில், நீயும் அப்பாவும் அவனுக்குப் புத்தி சொல்லி ஒரு கடிதம் போடுங்கள், தாத்தா பேச்சு என்றால் கேட்பான் என்று வேறு. தாத்தா பேச்சை அவன் எப்படிக் கேட்கிறான் என்று உனக்குத் தெரியாதா, அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெட்டி உன்னை என்ன செய்தது, அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. இது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே டி.வி. டி.வி. என்று நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாயே, யாரை ஏமாற்ற எழுதினாய். என்னையா. உன் கடிதத்தை மாப்பிள்ளை படிக்கட்டும் என்றே திறந்து வைத்து எழுதினாயோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

பொங்கலுக்கு நான் அங்கே வந்திருந்தபோது நடந்ததை மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா. உன் வீட்டுக் கூடம் நிறையத் தெருப் பிள்ளைகள் உட்கார்ந்து பொம்மலாட்டம் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கும் அந்தப் பெட்டி பிடித்துத்தான் போயிற்று, பொய் சொல்ல மாட்டேன், முறுக்குத் தட்டோடு நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையைப் பார்க்க ஆபீசிலிருந்து யாரோ வந்தார்கள், பேச வேண்டும் என்று அவர் பெட்டியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டார். பிள்ளைகள் எல்லாம் ஓ என்று கத்தின, மாமா சத்தம் வைங்க, மாமா சத்தம் வைங்க என்று கெஞ்சின, அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்து மொட்டை மாடிக்கு விளையாடப் போய்விட்டன. அப்பு மட்டும் அசையவில்லை. சத்தம் நின்றதே அவனுக்குத் தெரியவில்லை. ராஜா பொம்மை வழுக்கி விழுந்தபோது கை தட்டிச் சிரித்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று அப்பு என்று கூப்பிட்டேன், கண்ணு என்று கூப்பிட்டேன், கை தட்டினேன், வந்திருந்த ஆபீஸ்காரர் திரும்பிப் பார்த்தார், என் பேரன் திரும்பவில்லை.

அடுப்படிக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். ஈரக் கையோடு என் வாயைப் பொத்தினாயே, நினைவு இருக்கிறதா. அம்மா உனக்குப் புண்ணியமாப் போகும், சும்மா இரு, அத்தை காதுல விழுந்தா அப்பாவையும் சேத்து இழுப்பாக என்றாய். அவனுக்கு ஒண்ணுமில்ல, டி.வி. பைத்தியம், அதான் கூப்பிட்டா திரும்பல என்றாய். அந்த நிமிஷத்தில் பிறந்த பொய் இது, இரண்டு மாசத்தில் வளர்ந்து பூட்டும் சாவியும் வாங்குகிற அளவுக்கு ஆகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், என் வயிற்றிலேயே பிறப்பாள் என்று நினைக்கவில்லை.

இப்போது உன் உபயோகத்தையும் வேண்டாததையும் ஒரு தரம் யோசித்துப் பார். கதை நிகழ்ச்சியில் என்ன காட்டுகிறார்கள், நானே பார்த்தேனே, சிங்கம் முயல் என்று வரைந்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறார்கள், அந்த அம்மாள் குரல் மட்டும் பின்னாலிருந்து வருகிறது. குரல் கேட்காத பிள்ளைக்கு அது நகராத படம், எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பான், எழுந்துதான் ஓடுவான். குறள் ஒப்பிக்கிற பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு மரம் போல நிற்கின்றன, அதில் அவனுக்கு என்ன இருக்கிறது. பொம்மலாட்டமும் சர்க்கஸும் அப்படியா, அதில் எல்லாம் கண்ணுக்கே தெரிகிறது. உபயோகம் எது வேண்டாதது எது என்று நீங்கள் காதை வைத்துப் பிரித்தீர்கள், அவன் கண்ணை வைத்துப் பிரித்தான், அவ்வளவுதான் சங்கதி. இன்னொன்றும் எழுதியிருந்தாயே, ராத்திரி செய்தி வாசிக்கும்போது மட்டும் பெரிய மனுஷன் மாதிரி முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறான், இவன் கலெக்டராக வருவான் என்று மாப்பிள்ளைக்கு ஒரே பெருமை என்று. அடியே, செய்தி வாசிக்கிறவர் முகத்தை நேரே காட்டி வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், பிள்ளை அந்த வாயைப் பார்க்கிறான். அந்த வாயில் என்ன இருக்கிறது என்று தேடுகிறான். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது, எனக்கு அழுகைதான் வந்தது.

இதெல்லாம் வேறொருத்தி செய்திருந்தால் தெரியாமல் செய்தாள் என்று விட்டுவிடுவேன். நீ யார் வீட்டில் வளர்ந்தவள். நீ பிறக்கும்போதே உன் அப்பா ராக்கப்பனுக்குக் காது பாதி போயிருந்தது. பவர் ஹவுஸில் டர்பைன் ஓடுகிற ஹாலில் வேலை, அந்த இரைச்சலில் பக்கத்து ஆள் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும், அதனால் அவர்களுக்குள் எல்லாமே கைச்சாடைதான். நம் குவார்ட்டர்ஸ் லைனில் பாதி வீட்டில் ஆண்களுக்குக் காது மந்தம், பெண்களுக்குத் தொண்டை பெரிது. புதிதாக வருகிறவன் வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிறது என்று நினைப்பான், இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்பதுதான் அப்படிக் கேட்கும். நீ நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட ஸ்டூலைப் போட்டு ஏறி லைட்டை அணைத்து அணைத்துப் போடுவாய். பல்பு போயிரும் என்று நான் திட்டுவேன், போனாப் போகுது, கரண்டு நம்ம ஆளுக ஓட்டுறதுதானே என்று அவர் சிரிப்பார். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, தான் பெற்ற பிள்ளை கூப்பிட்டுத் திரும்பாததை டி.வி. பைத்தியம் என்று சொல்கிறது. ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரிய வேண்டுமா வேண்டாமா.

அந்தக் குரங்குச் சேஷ்டை என்று எழுதினாயே, அதைப் படித்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பற்றிக்கொண்டு வந்தது. கட்டை விரலை உதட்டுக்குக் கொண்டுபோய்த் தலையைச் சாய்க்கிறான் என்று எழுதியிருக்கிறாய், முஷ்டியை மூடி நெஞ்சுக்கு நேரே வைக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அது என்ன என்று உனக்குத் தெரியாதா ஞானம். கட்டை விரல் உதட்டுக்குப் போனால் டீ, முஷ்டியை மூடினால் நிறுத்து. போன மே மாசம் லீவுக்கு நீ அவனை இங்கே விட்டுவிட்டுப் போனாயே, அப்போது தாத்தாவும் பேரனும் நாள் முழுக்க ஒன்றாகவே திரிந்தார்கள். மாட்டுக்குப் புல் அறுக்கப் போனாலும் சேர்ந்து, ஆற்றுக்குக் குளிக்கப் போனாலும் சேர்ந்து. இரண்டு பேரும் வாயே திறக்காமல் பேசிக்கொள்வார்கள், எனக்குக்கூடப் பொறாமையாக இருக்கும். தாத்தாவுக்காகத்தான் அவன் வாய் திறக்கவில்லை என்று அப்போது நானும் ஏமாந்தேன். மெஷின் ஹாலில் ஆட்கள் காட்டுகிற சாடை எல்லாம் அந்தப் பொடியன் இரண்டு நாளில் பிடித்துக்கொண்டான். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கே அது பழக மாசக்கணக்கில் ஆகும் என்று ஏசுரத்தினம் ஆச்சரியப்பட்டார். பிள்ளை சென்னைக்குத் திரும்பிப் போய் உங்களிடம் அதே சாடையில் டீ கேட்டிருக்கிறான். அங்கே மற்றவர்களுக்குத் தெரியாவிட்டால் சரி, உனக்குமா தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே பாஷையில் உன்னிடம் பேசுகிறான், நீ அது டி.வி. கற்றுக்கொடுத்த சேஷ்டை என்று மாமியாரோடு சேர்ந்து தலையை ஆட்டுகிறாய்.

உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. செவிட்டு வீட்டில் பெண் எடுத்தோம், பேரனும் அப்படியே பிறந்தான் என்று சொல்வார்கள், அதுதானே. உன்னைப் பெண் பார்க்க அவர்கள் வந்த அன்றைக்கே உன் அப்பா வாசலில் நின்று, எனக்குக் காது மந்தம், சத்தமாப் பேசுங்க, இல்லாட்டி என் மொகத்தப் பாத்துப் பேசுங்க என்று சொல்லித்தான் உள்ளே கூப்பிட்டார். அவருக்கு இல்லாத வெட்கம் உனக்கு எங்கிருந்து வந்தது. அவர் காது மெஷின் இரைச்சலில் போனது, கல்யாணத்துக்கு முந்தி மாடு கட்டுத்தறியில் கயிற்றை இழுத்தால் அந்தச் சத்தத்துக்கே தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிற மனுஷன் அவர். அப்பு காது அம்மையில் போனது. இரண்டு வயதில் மணல்வாரி போட்டு, இறங்கினதும் இரண்டு காதிலும் சீழ் வடிந்ததே, சம்பந்தி அம்மா பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்களே, மறந்துவிட்டாயா. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ என்று அப்போதே எழுதினேன், நின்றுவிட்டது அம்மா என்று பதில் போட்டாய். சீழ் நின்றது சரி, பிள்ளைக்குப் பேச்சு வருவதும் அதோடு நின்றதை நீ பார்க்கவில்லையா. ஐந்து வயது ஆகிறது, தண்ணிக்கு இன்னும் ன்னி என்கிறான், மழலை மழலை என்று கொஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள். எப்படி வந்ததாக இருந்தாலும் இருக்கட்டும், ரத்தத்தில் வந்ததாகவே இருக்கட்டும், திருட்டுப் புத்தியா வந்துவிட்டது, தலையைக் குனிய. சொல்கிறவர்கள் நாலு நாள் சொல்வார்கள், அப்புறம் அவர்கள் வீட்டுக் கதை வந்துவிடும்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறீர்கள். போன வருஷம் நர்சரியில் கவனம் போதாது என்று சொல்லிப் பின்னால் உட்கார வைத்தார்கள் என்று நீதான் எழுதினாய். பின்னால் உட்கார வைத்தால் டீச்சர் வாய்கூட அவனுக்குத் தெரியாது. இப்படியே ஒன்றாம் வகுப்பும் போனால் மக்கு என்று பேர் வைத்துவிடுவார்கள், அந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் போகாது. காது கேட்காதவன் என்பது உண்மை, மக்கு என்பது பொய். உண்மையைச் சொல்லப் பயந்து பெற்ற பிள்ளைக்குப் பொய்ப் பேரை நீயே வாங்கித் தருகிறாய். என் பேரன் மக்கு இல்லை. சத்தமே இல்லாத ஒரு பெட்டியைப் பார்த்து எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே சிரிக்கிறவன் மக்கு இல்லை.

இங்கே டிஸ்பென்சரி நர்ஸம்மாவிடம், பேரைச் சொல்லாமல், ஒரு குழந்தைக்கு இப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் மலையாளத்துக்காரி, கெட்டிக்காரி, உடனே என் முகத்தைப் பார்த்தாள். சேச்சி, தாமசிக்கண்டா, கொச்சல்லே என்றாள், சின்னப் பிள்ளை, தாமதம் பண்ணாதே என்கிறாள். சீழ் வடிந்து ஓட்டை விழுந்த காது என்றால் சரிபண்ணப் பார்க்கலாமாம், முழுக்கச் சரியாகாவிட்டாலும் காதில் மாட்டுகிற மெஷின் இருக்கிறதாம், அதுவும் இல்லாவிட்டால் வாயைப் பார்த்துப் பேசப் பழக்குகிறவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்களாம். எல்லாவற்றுக்கும் முதலில் காது டாக்டர் பார்க்க வேண்டும், வருஷம் போகப் போகக் கஷ்டம் என்றாள். சென்னையில் இருக்கிற உனக்கு மலையில் இருக்கிற நான் எழுத வேண்டியிருக்கிறது, உன் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் பெரிய ஆஸ்பத்திரி, நீ பூட்டு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாய்.

உன் கடிதத்தை உன் அப்பாவும் படித்தார். வெளிச்சத்துக்காக வாசல் படியில் உட்கார்ந்து படித்தார். காதைத் திருகினது வந்த இடத்தில் அப்படியே மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லுக்குப் போனார், காலையில் அறுத்த கட்டே பிரிக்காமல் கிடந்தது. திரும்பி வந்து கை கழுவிக்கொண்டே, பய காதத் திருகுனாகளா என்று ஒரு தரம் கேட்டார். சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் ஆபீசுக்குப் போய் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இந்த வருஷம் அவருக்குக் கிடைக்கிற லீவு எல்லாம் இதுதான், செலவழிக்காமல் வைத்திருந்தார், ஊரில் கோயில் கொடைக்குப் போக வேண்டும் என்று.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அவருக்குத் தெரியாது. தெரியாதவர் திருகினார், தெரிந்த நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். அவர் நல்ல மனுஷர், பிள்ளை நன்றாக வர வேண்டும் என்றுதான் நல்ல நிகழ்ச்சி கெட்ட நிகழ்ச்சி என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார். தெரிந்தால் அந்தக் கையை அவரே மன்னிக்க மாட்டார், அந்தக் கஷ்டத்தையும் அவருக்கு நீதான் தேடி வைத்திருக்கிறாய். அடுத்த திங்கட்கிழமை, இருபதாம் தேதி, நாங்கள் போடி பஸ்ஸில் மலை இறங்கி மதுரையில் ரயில் ஏறுகிறோம். அதற்குள் அவரிடம் நீயே சொல்லிவிட வேண்டும். நான் வந்து சொல்லி அவர் தெரிந்துகொண்டால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது முள்ளாகக் கிடக்கும், நீ சொன்னால் அழுதோ அடித்தோ தீர்ந்துவிடும். சொல்லாமல் இருந்தாயானால் உன் கூடத்து நடுவில் நின்று நான் சொல்வேன். என் குரல் உனக்குத் தெரியும், நம் லைன் குரல், சம்பந்தி அம்மாவுக்கு மட்டுமில்லை, உன் தெருவுக்கே கேட்கும்.

வரும்போது என்ன கொண்டுவருவது என்று யோசித்தேன். செவலைப் பசுவின் சீம்பால் இவ்வளவு தூரம் தாங்காது, பட்டாணியும் காந்தலூர்ப் பூண்டும் கொண்டுவருகிறேன். பூண்டு ரசத்துக்கு, இனி ஒரு சொட்டு எண்ணெய் அந்தப் பிள்ளை காதில் விழக் கூடாது, சம்பந்தி அம்மாவிடம் மரியாதையாகச் சொல், கேட்காவிட்டால் மரியாதை இல்லாமல் நான் சொல்லிக்கொள்கிறேன். இங்கே மழை இன்னும் இல்லை, ராத்திரிக் குளிர் விட்டபாடில்லை, ஏசுரத்தினம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், உன் பழைய பாவாடைகளை அவள் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். நீ இளைத்துப் போயிருக்கிறாய் என்று பொங்கலிலேயே பார்த்தேன், ராத்திரி முழுக்க முழித்துக்கொண்டு படுத்திருந்தால் இளைக்காமல் என்ன செய்யும். மனசில் இருப்பதை இறக்கி வைத்தால் சோறு தானாக இறங்கும்.

டி.வி. விஷயமாக நீ கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சம்பந்தி அம்மாவிடமிருந்து சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்து விடு. பொம்மலாட்டம் பார்க்கட்டும், சர்க்கஸ் பார்க்கட்டும், டான்ஸ் பார்க்கட்டும், காகிதத்தில் கப்பல் மடித்துக் காட்டுகிறார்களே அதைப் பார்க்கட்டும். குஸ்தி வேண்டாம், அதில் மட்டும் நானும் உங்கள் கட்சி. கதை நிகழ்ச்சி வருகிறபோது அவனை விரட்டாதே, நீ அவனுக்கு எதிரே உட்காரு, படத்தையும் காட்டு, உன் முகத்தையும் காட்டு, சிங்கம் வந்தால் நீ சிங்கமாக வாயைத் திற, முயல் வந்தால் கையைக் காது மாதிரி வை. அவன் ஓடுகிறானா பார். தனியாக உட்கார வைத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போனால் எந்த நல்ல நிகழ்ச்சியும் எந்தப் பிள்ளைக்கும் ஆகாது, காது கேட்கிற பிள்ளைக்கும்தான் சொல்கிறேன். லைட்டு ஸ்விட்சு அவன் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு ஸ்டூல் போட்டு வை, தாத்தா வருகிறார், எதற்கு என்று உனக்குத் தெரியும்.

இவ்வளவு திட்டி எழுதிவிட்டாள் என்று மூலையில் உட்கார்ந்து அழாதே, அழுவதற்கு நேரம் இல்லை, நான் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து அழுதுகொள்ளலாம். நீயும் மாப்பிள்ளையும் என் அப்புவும் மாரியம்மன் அருளால் நோய் நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம் சொல்.

கடைசியாக ஒன்று, இதை மறந்தால் மற்றதெல்லாம் எழுதியும் வீண். உன் அப்பா வேலையிலிருந்து வந்ததும் நீ அவர் மடியில் ஏறி, இரண்டு கையாலும் அவர் தாடையைப் பிடித்து உன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பாய். யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை, பேச்சு பழகும்போதே நீயாகக் கண்டுபிடித்தது. எவ்வளவு அசதியில் இருந்தாலும் அவர் ஒரு நாள்கூட உன் கையைத் தட்டிவிட்டதில்லை. இனி அப்பு வந்து உன் தாடையைப் பிடித்தால், பெட்டியில் என்ன ஓடினாலும் ஓடட்டும், நீ திரும்பு.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கும்
உன் அம்மா,
நாச்சம்மாள்